தெல்லிப்பழைக்காக நடந்தார்கள், நாம் கிளினிக் வரை நடப்போம்

ஒக்டோபர் மாதம் வந்தால் நாடு முழுக்க இளஞ்சிவப்பு ரிபன் தெரிகிறது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்கிறார்கள். நகரத்துக் கட்டடங்களுக்கு அந்த நிறத்தில் விளக்குப் போடுகிறார்கள், கம்பனிகள் அந்த நிறத்தில் ரீ-சேர்ட் அடித்துக் கொடுக்கின்றன. நமது மாதர் அணிக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. நாமும் ஏதாவது செய்ய வேண்டும், கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதைப் புதுமாதிரியாகச் செய்ய வேண்டும் என்று நமது பிள்ளைகள் சொல்கிறார்கள். பலூன் ஊர்வலம் என்று ஒருவர் சொல்ல, ரீ-சேர்ட் விற்கலாம் என்று இன்னொருவர் சொல்ல, கூட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது.

காசு சேர்க்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் எப்படிச் சேர்ப்பது என்று யோசிப்பது, அடுப்பு மூட்டாமல் கறிக்கு உப்புப் பார்ப்பது போன்றது. இந்த விஷயத்தில் நாம் படிக்க வேண்டிய பாடம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணம் நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் தெல்லிப்பழை வரும். அங்கே ஆதார வைத்தியசாலையோடு சேர்ந்து ஒரு புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அதற்கு ‘ட்ரெயில்’ என்ற பெயரும் உண்டு. ட்ரெயில் என்றால் நடைபாதை. வைத்தியசாலைக்கு ஏன் அந்தப் பெயர்? ஜனங்கள் நடந்து சேர்த்த காசில் கட்டியது, அதனால்தான்.

யுத்தம் 2009 இல் முடிந்தது. அதற்கு முன்னர் வடக்கில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்து அது புற்றுநோய் என்று தெரிந்தால், முழுமையான சிகிச்சைக்கு மகரகமவுக்குப் போக வேண்டும். சுமார் 400 கிலோமீற்றர். பாதை திறந்திருந்தால் சோதனைச் சாவடிகள், 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பிறகு கப்பலும் விமானமும். அதற்கும் அனுமதி வேண்டும். எத்தனை தாய்மார் ‘வேண்டாம், இங்கேயே கிடக்கிறேன்’ என்று சொல்லியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. மலைநாட்டில் ஒரு மூலையிலுள்ள தோட்டத்திலிருந்து கண்டிக்கோ மகரகமவுக்கோ போய்வரும் நமது தாய்மாருக்கு இந்தக் கதை புதிதல்ல. அங்கே சோதனைச் சாவடி தடுத்தது, இங்கே பஸ் காசும் போகிற பேரும் தடுக்கின்றன.

2011 ஜூலை மாதத்தில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரண்டு நண்பர்கள் ஒரு நடையைத் தொடங்கினார்கள். நாட்டின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. சிலர் முழுத் தூரமும் நடந்தார்கள், பெரும்பாலானவர்கள் ஒரு நாளோ அரை நாளோ தங்களால் முடிந்த அளவு நடந்தார்கள். தென்பகுதிச் சனங்கள் வடக்கில் ஓர் ஆஸ்பத்திரிக்காக வீதியில் இறங்கினார்கள். கம்பனிகளும் கொடுத்தன, வெளிநாட்டில் இருப்பவர்களும் கொடுத்தார்கள், சாதாரண ஆட்களும் கொடுத்தார்கள். சேர்ந்தது 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். 2013 இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

பிறகு 2016 இல் அதே ஆட்கள் திரும்பவும் நடந்தார்கள். இந்த முறை பருத்தித்துறையில் தொடங்கித் தேவேந்திரமுனையில் முடித்தார்கள். 28 நாட்கள். காலி கராப்பிட்டிய வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு கட்டுவதற்காக. தெற்கு வடக்குக்காக நடந்தது, வடக்கு தெற்குக்காக நடந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நடந்த தூரத்தை அல்ல. முதல் அடி எடுத்து வைக்கும் முன்பே காசு எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை, அவ்வளவுதான். ‘விழிப்புணர்வுக்காக’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. இன்னொன்று, கட்டியதை அரசாங்கச் சுகாதார சேவையில்தான் சேர்த்தார்கள். ஆகவே ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி அங்கே போனால் காசு கட்டத் தேவையில்லை. 1977 இலும் 1983 இலும் கலவரத்துக்குத் தப்பித் தோட்டங்களை விட்டுக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறிய நமது உறவுகளின் பிள்ளைகளும் இன்று மருந்துக்குப் போகிற இடம் அதுதான். நாம் கொடுக்காத காசில் கட்டிய கட்டிலில் நம் ஆட்களும் படுத்திருக்கிறார்கள். இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நாம் பேச வேண்டும்.

காசில்லாதவர்கள் சேர்ந்து பெரிய காரியம் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு இன்னும் இரண்டு கதை. கனடாவில் ரெரி ஃபொக்ஸ் என்ற இளைஞன், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவன், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினான். 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த வருடம் இறந்து போனான். அவன் பணக்காரரிடம் பெரிய தொகை கேட்கவில்லை, கனடாவில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் கேட்டான். அவன் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தொகை, 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு மேல், சேர்ந்துவிட்டது. தலைக்கு ஒரு டொலர். இந்தக் கணக்கு நமக்கு நன்றாக விளங்கும். நமது சங்கச் சந்தாவும் அதே கணக்கில்தான் ஓடுகிறது.

மற்றக் கதை சென்னையில். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை மனதில் வைத்திருந்தவர், வருடக்கணக்காக அலைந்து, மாதர் சங்கத்தை வைத்துக் காசு திரட்டி, 1954 இல் அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். தொடங்கியபோது 12 கட்டில்கள்தான். அப்போது புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி கட்டுவது வீண் செலவு, வந்தவர்கள் எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே என்று படித்தவர்களே சொன்ன காலம். இன்று தமிழ்நாட்டில் அடையாறு என்றால் தெரியாத ஏழை வீடு இல்லை. அதைத் தொடங்கியது ஒரு மாதர் சங்கம் என்பதை நமது மாதர் அணித் தலைவிகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நமது விஷயம். இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதல் இடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். ஆண்டுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஆண்களுக்கும் வரும், ஆனால் மிகக் குறைவு. நேரத்தோடு கண்டுபிடித்தால் சுகப்படுத்தலாம். பிந்திப் போனால் வைத்தியமும் கூட, செலவும் கூட, பலனும் குறைவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சையும் மருந்தும் இலவசம். அப்படியானால் நமது பெண்கள் ஏன் பிந்திப் போகிறார்கள்?

வெட்கம் ஒரு காரணம். இல்லை என்று சொல்ல முடியாது. மார்பில் கட்டி என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லி லீவு கேட்க எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? அந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது, அதுவும் ஒரு காரணம். வலித்தால்தான் வருத்தம் என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். கூடைக் கயிறு இழுத்தது, தேயிலை வாது குத்தியது, பால் கட்டினது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய காரணம் பேர். கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு கட்டியைத் தடவிப் பார்த்து ‘ஒன்றுமில்லை அம்மா’ என்று கேட்டுவிட்டு வருவதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட யார்தான் முன்வருவார்கள்? நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிற இடத்தில், முழுப் பேரையும் விட்டுவிட்டுப் போ என்று சொல்வது சொல்கிறவருக்குத்தான் சுலபம்.

நோய் என்று உறுதியாகிவிட்டால் கணக்கு இன்னும் கூடும். கீமோ மருந்து பெரும்பாலும் மூன்று கிழமைக்கு ஒரு தடவை, ஆறு அல்லது எட்டுத் தடவை ஏற்றுவார்கள். ஏற்றின மறுநாளும் அடுத்த நாளும் எழும்ப முடியாது. கதிர்ச் சிகிச்சை என்றால் சனி, ஞாயிறு தவிர தினமும், மூன்று முதல் ஐந்து கிழமை வரை. தோட்டத்திலிருந்து தினமும் போய்வர முடியாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்காவது தங்க வேண்டும். கூடப் போகிற ஆளுக்கும் பேர் இல்லை. சத்திரசிகிச்சையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒரு பெண்ணுக்கு 40 நாள் பேர் போனால் 54,000 ரூபா. கூடப் போனவருக்கு 20 நாள் போனால் 27,000 ரூபா. மொத்தம் 81,000. பஸ், சாப்பாடு, வெளியில் எடுக்கச் சொல்கிற ஸ்கான் எதையும் இதில் சேர்க்கவில்லை. மருந்து இலவசம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த இலவச மருந்து இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு இவ்வளவு செலவு.

ஆகவே எதற்காகச் சேர்ப்பது என்ற கேள்விக்கு நமது பதில் இது. நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது, கட்டவும் தேவையில்லை, அது கண்டியிலும் பதுளையிலும் மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் இருக்கிறது. கட்டி இருக்கிற பெண்ணுக்கு வழிச்செலவும் போன பேருக்கு ஈடும் கொடுக்கிற ஒரு நிதி நமக்கு வேண்டும். 400 தொழிலாளர் உள்ள ஒரு தோட்டத்தில் மாதம் ஆளுக்கு 50 ரூபா போட்டால் வருடத்துக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. இரண்டு பெண்களை முழுச் சிகிச்சையும் முடியும் வரை அதில் தாங்கலாம். நமது தோட்டங்களில் மரண சகாய சங்கம் இல்லாத இடம் உண்டா? இறந்த பிறகு பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுக்க நம்மால் முடிகிறது. உயிரோடு இருக்கும்போது பஸ்ஸுக்குக் கொடுக்க மட்டும் ஏன் முடியாது?

ஆனால் ஒன்று. செக்ரோலில் இன்னொரு வெட்டு விழுவதை நாம் ஏற்க மாட்டோம். சம்பளத் துண்டில் ஏற்கெனவே விழுகிற வெட்டுகளை எண்ண விரல் போதாது. கொடுக்கிறவர் கையால் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாதவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. இதனால்தான் சேர்க்கிற வழி முக்கியமாகிறது. பிள்ளைகள் கேட்ட புதுமை இங்கேதான் வேண்டும்.

முதலில் மாதத்தைப் பற்றி. ஒக்டோபர் ரிபன் கட்டுகிறவர்களுக்குச் சரியான மாதம், நமக்குச் சரியில்லை. ஒக்டோபர் என்றால் தீபாவளி. தீபாவளி முற்பணம் எடுத்து உடுப்புக்கும் பலகாரத்துக்கும் போய், அது பிறகு மாதாமாதம் கழிகிற காலம். அந்த நேரத்தில் உண்டியல் நீட்டினால் வெட்கப்பட்டு வட்டிக்கு வாங்கிப் போடுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். ஒக்டோபரைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்வோம். சேர்ப்பதைக் கொழுந்து நன்றாக வருகிற சித்திரை, வைகாசிக்குத் தள்ளுவோம். அப்போது கைக்காசும் கொஞ்சம் புழங்கும்.

நமக்குப் பிடித்த யோசனை தேநீர் மொய். நமது முன்னோரில் பல பேர் வந்த புதுக்கோட்டைப் பக்கத்தில் மொய் விருந்து என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே ஒரு தேநீர்க் கடைக்காரர் கொரோனா நிவாரணத்துக்காகக் கடையில் தேநீர் மொய் வைத்தார். தேநீரைக் குடித்துவிட்டு விரும்பிய காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். உலகத்துக்குத் தேநீர் கொடுக்கிறவர்கள் நாம், நமக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? மாரியம்மன் திருவிழாவில் ஒரு மேசை, நல்ல சாயமுள்ள தேயிலை (நமக்கு வழக்கமாகக் கிடைக்கிற தூள் அல்ல, துரை குடிக்கிற தேயிலை), ஒரு மொய் நோட்டு. பத்து ரூபா போட்டவர் பெயரும் நோட்டில் ஏறும், ஆயிரம் போட்டவர் பெயரும் ஏறும். மொய் நோட்டில் பெயர் விழுந்தால் அது ஒரு கடமை என்று நமக்குத் தெரியும். யார் வீட்டுக்கு எப்போது திரும்பி வரும் என்று தெரியாத மொய் இது.

கோவில் கமிட்டிகளிடம் இன்னொன்றும் கேட்கலாம். பத்து நாள் திருவிழாவில் ஒரு நாள் உபயத்தை இந்த நிதிக்குத் தரச் சொல்வோம். அம்மன் கோபிப்பாள் என்று யாராவது சொன்னால் திரும்பவும் தெல்லிப்பழையைக் காட்டலாம். புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிற அதே ஊரில் துர்க்கையம்மன் கோவில் இருக்கிறது. அதன் தலைவராக இருந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி, கோவிலோடு சேர்த்து ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தினார். 2008 இல் அவர் காலமானார். அம்மன் பெயரால் வந்த காசு பெண் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் ஆனது. அம்மன் அதற்காகக் கோபித்ததாக யாரும் சொல்லவில்லை.

இளைஞர்கள் கிரிக்கெட் போட்டி வைக்கலாம், அது அவர்களுக்கே தெரியும், நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காமன் கூத்து, பொன்னர் சங்கர் போடுகிற இடங்களில் தட்டு எடுக்கலாம். கோமாளி வேடக்காரர் ஒருவர் நினைத்தால், நாம் பத்துக் கூட்டம் போட்டுச் சொல்ல முடியாததைக் கூத்தின் நடுவே இரண்டு வரியில் சொல்லிவிடுவார். ஆனால் அவர் பெண்களைச் சிரிக்க வைக்க வேண்டுமே தவிர, பெண்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்படி பேசக் கூடாது. இதை முன்கூட்டியே வாத்தியாரிடம் பேசிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்தில் ஆளுக்கு ஒரு கிலோவை இந்த நிதிக்கு விடலாம் என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் தொழிலாளி ஒரு கிலோ விட்டால் கம்பனியும் ஒரு கிலோவின் காசைப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம்.

எல்லாவற்றிலும் மேலாக நடை. நடப்பது நமக்குப் புதிதல்ல. 2023 இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளை வரை நடந்தோம். முன்னோர் நடந்து வந்த வழி அது. இந்தமுறை அவ்வளவு தூரம் வேண்டாம். தோட்டத்திலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வரை போதும், நான்கு கிலோமீற்றரோ பத்தோ. டவுனுக்குப் போய்ப் படம் பிடித்துவிட்டுக் கலைகிற ஊர்வலமாக இருக்கக் கூடாது. நடை கிளினிக் வாசலில் முடிய வேண்டும். வெல் வுமன் கிளினிக் என்று சொல்கிற பெண்கள் நலக் கிளினிக் அரசாங்கம் நடத்துவது, இலவசம். முக்கியமாக 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களைக் கூப்பிட்டு மார்பையும் கர்ப்பப்பை வாசலையும் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்க்கிறார்கள். வயது கூடினவர்களும் போகலாம். நடந்து போகிற ஒவ்வொரு பெண்ணும் உள்ளே போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற நமது பிள்ளைகளிடமும், மத்திய கிழக்கில் இருக்கிறவர்களிடமும், அம்மா நடக்கிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நூறு ரூபா போடு என்று கேட்போம். அம்மா கிளினிக்குக்குப் போகவும் வேண்டும், நிதிக்குக் காசும் வர வேண்டும். இரண்டும் ஒரே நாளில் முடியும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி நாள் குறிக்காமல் நூறு பெண்கள் திடீரென்று போய் நிற்கக் கூடாது. அங்கே இருப்பது ஒரு டொக்டரும் இரண்டு மிட்வைஃபும்தான்.

வீட்டிலேயே பார்க்கவும் பழக வேண்டும். மாதவிடாய் முடிந்த சில நாட்களில், குளிக்கும்போது விரல்களைத் தட்டையாக வைத்து மார்பு முழுவதையும் கக்கத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு கட்டி, தோல் உள்ளே இழுத்துக் குழி விழுவது, காம்பு உள்ளே போவது, காம்பிலிருந்து இரத்தமோ நீரோ வருவது, ஒரு பக்கம் திடீரென்று பெருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயத்திலேயே மறைப்பார்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது என்று இருப்பதும் பிழை. நோய் வந்தவர்களில் அநேகருக்குக் குடும்பத்தில் யாருக்கும் வந்திருக்கவில்லை.

நம் சங்கத்துக்குள்ளேயே ஒரு எதிர்ப்பு இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. நாமே காசு சேர்த்தால் அரசாங்கமும் கம்பனியும் கையைக் கழுவிவிடும், தொழிற்சங்கத்தின் வேலை கேட்பது, பிச்சை எடுப்பதல்ல என்கிறார்கள் மூத்த தோழர்கள் சிலர். அவர்கள் சொல்வதில் பாதி சரி. இளஞ்சிவப்பு ரிபனின் கதையே அதற்குச் சாட்சி. அமெரிக்காவில் 1990 களின் தொடக்கத்தில் சார்லட் ஹேலி என்ற பெண் வீட்டில் இருந்தபடி பீச் பழ நிறத்தில் ரிபன் செய்து, ஒரு அட்டையோடு சேர்த்து விநியோகித்தார். அரசாங்கப் புற்றுநோய் நிறுவனத்தின் பணத்தில் 5 வீதம்தான் நோயைத் தடுக்கச் செலவாகிறது, இதை மாற்றக் கேளுங்கள் என்பதுதான் அந்த அட்டையின் செய்தி. ஒரு பெரிய அழகுசாதனக் கம்பனியும் ஒரு பெண்கள் சஞ்சிகையும் அந்த ரிபனைக் கேட்டபோது, வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்தார். 1992 இல் அவர்கள் நிறத்தை மாற்றி இளஞ்சிவப்பாக்கித் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ரிபன் உலகம் முழுக்கப் போனது, அட்டையில் இருந்த கேள்வி போகவில்லை.

நாம் அட்டையையும் சேர்த்து வைத்துக்கொள்வோம். காசு சேர்க்கிற ஒவ்வொரு மேசையிலும் நமது கோரிக்கையும் இருக்க வேண்டும். கிளினிக் சீட்டைக் காட்டுகிற பெண்ணுக்கு அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும், வருடத்தில் ஒரு நாளாவது. 200 பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நாள் என்றால் 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா. ஒக்டோபரில் ரிபன் கட்டிப் படம் எடுக்கிற கம்பனிகளுக்கு இது பெரிய தொகையா? இந்தக் கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று தலைமைக்கும் சொல்கிறோம். சம்பளத்தைப் பேசுகிறபோது இந்தப் பக்கக் கோரிக்கை எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. நமது அங்கத்தவர்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் பெண்கள், சந்தா கட்டுகிறவர்களும் அவர்கள்தான்.

மற்றப் பாதிக்கு நமது பதில் இது. தெல்லிப்பழையில் ஜனங்களின் காசில் கட்டடம் எழும்பியது. டொக்டரையும் தாதியையும் மருந்தையும் போட வேண்டியது அரசாங்கம். ஜனங்கள் கட்டிவிட்டார்கள், நமக்கு வேலை இல்லை என்று அரசாங்கத்தால் சொல்ல முடியவில்லை, ஆஸ்பத்திரி அவர்களுடையதாகிவிட்டதே. மகரகமவில் ஸ்கான் மெசினுக்காக, மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் தொடங்கிய நிதிக்கு 20 கோடி ரூபாவுக்கு மேல் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் அப்படி ஒரு மெசின் அரசாங்க ஆஸ்பத்திரியில் இல்லையா என்று நாடே கேட்கத் தொடங்கியது. காசு சேர்ப்பவர்களின் கேள்வி இன்னும் உரக்கக் கேட்கும். சும்மா இருந்து கேட்டதைவிட.

நிதியை யார் வைத்திருப்பது என்பது கடைசி விஷயம், சண்டை வருகிற விஷயமும் அதுதான். நாம் சொல்வது: வங்கிக் கணக்கில் மூன்று பேர் கையெழுத்து, அதில் இரண்டு பேராவது மலையில் வேலை செய்கிற பெண்கள். தோட்டத் தலைவர்மார் கோபிக்க வேண்டாம், மார்பில் கட்டி என்று ஒரு பெண் உங்களிடம் வந்து சொல்ல மாட்டாள். வரவுக் கணக்கைப் பெயரோடு மாதாமாதம் பிரட்டுக்களத்தில் வாசிக்க வேண்டும். செலவுக் கணக்கில் தொகை மட்டும் போதும், வாங்கினவர் பெயர் வெளியே வரக் கூடாது. பெரிய செக்கைப் பிடித்துக்கொண்டு நோயாளியோடு படம் எடுக்கிற வேலை எந்தக் கிளையிலும் நடக்கக் கூடாது. தேர்தல் காலத்தில் எந்தக் கட்சிக்காரர் வந்து இதற்குப் பெரிய தொகை தருகிறேன் என்றாலும், தேர்தல் முடிந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஊழியர் சேமலாப நிதியில் குறைந்தது 10 வருடச் சேவையும் 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ளவர்கள், வைத்தியச் செலவுக்காக அதில் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க விண்ணப்பிக்கலாம். வட்டிக்கு வாங்குவதற்கு முன் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள், படிவத்தை நிரப்பித் தருகிறோம்.

மாதர் அணித் தலைவிகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, உங்கள் தோட்டத்தில் எது சரிவரும், எது சரிவராது என்று எழுதி அனுப்புங்கள். தேநீர் மொய் வைக்கிற முதல் தோட்டத்தின் கணக்கை அப்படியே இந்தப் பத்திரிகையில் போடுவோம். சேர்ந்த முதல் தொகையில் ஒரு சிறு பங்கைத் தெல்லிப்பழையில் மருந்துக்கு வருகிற வன்னி உறவுகளின் பஸ் காசுக்கு அனுப்பலாம் என்று நாம் நினைக்கிறோம். அதையும் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.